உதவி கேட்கும் முன் உறவு: சமூக ஊடகத்தில் அது எப்படி உண்டாகிறது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் சிறிய தன்னார்வக் குழு உங்களுடையது. குழுவின் பக்கத்தை மூவாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவிகள் வாங்க நிதி வேண்டும் என்று ஒரு பதிவு போட்டீர்கள். இருநூறுக்கு மேல் லைக், நிறைய வாழ்த்து, பணம் அனுப்பியவர்கள் நான்கே பேர். "முதலில் உறவை வளர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேளுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை எப்படிச் செய்வது, எவ்வளவு நாள் செய்வது, அது ஒரு வகை நடிப்பு இல்லையா என்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத் தெளிவுபடுத்தாமல் மற்ற இரண்டையும் பேசினால் தந்திரம் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆமாம், அது நடிப்பாக மாறக்கூடியதுதான். "பழகு, நம்பிக்கை வரட்டும், பிறகு பணம் கேள்" என்ற வரிசையை ஒரு அடி பிசகாமல் பின்பற்றுகிறவர்கள் இணையத்தில் காதல் மோசடி செய்கிறவர்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பரிவாகப் பேசுவார்கள். பிறகு ஒரு அவசரச் செலவு வரும். அதனால்தான் முகம் தெரியாத ஒருவர் திடீரென்று அன்பாகப் பேசினால் இன்று எல்லோருக்கும் ஒரு உறுத்தல் வருகிறது. அந்த உறுத்தல் நியாயமானது, உங்கள் மேலும் அது விழும்.

அவர்களுக்கும் உங்களுக்கும் இரண்டு வித்தியாசங்கள் இருந்தாக வேண்டும். ஒன்று, நீங்கள் யார், என்ன வேலை செய்கிறீர்கள், அதற்கு ஆள்பலமும் பணமும் தேவைப்படுகிறது என்பதெல்லாம் முதல் நாளிலிருந்தே வெளிப்படையாகத் தெரிய வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கின் அறிமுக வரியிலேயே குழுவின் பெயர் இருக்கட்டும். சரிபார்க்க நினைக்கிறவர் பார்க்கிற இடத்தில் குழுவின் வேலையும் வரவு செலவும் இருக்கட்டும். மறைக்க எதுவும் இல்லாதபோது நடிப்புக்கு இடம் குறைகிறது. இரண்டாவது, அவர் "இல்லை" என்று சொன்ன மறுநாளும் அவருடைய பதிவை நீங்கள் அதே ஆர்வத்தோடு படிப்பீர்களா என்பது. படிப்பேன் என்று மனசாரச் சொல்ல முடிகிறவர்களோடு மட்டும் பழகுங்கள். சொல்ல முடியாதவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் எவ்வளவு வசதியானவர்களாக இருந்தாலும் சரி. இந்த வடிகட்டலை ஆரம்பத்திலேயே செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதையொட்டி இன்னொரு அறிவுரையும் உங்கள் காதில் விழுந்திருக்கும்: "முதலில் கொடுங்கள், பிறகு கேளுங்கள், கொடுத்தால் அவர்களுக்கு ஒரு கடமை உணர்வு வரும்." இது வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. 1971இல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சோதனையில் கலந்துகொண்டவருக்கு உடன் இருந்த ஒருவர், அவர் கேட்காமலேயே ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்பார். பானம் வாங்கிக்கொண்டவர்கள் வாங்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். ஆனால் அதே சோதனையில் தெரிந்த மற்றொன்றை இந்த அறிவுரை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பானம் வாங்கிக்கொண்டவர்கள் சீட்டு வாங்கியதற்கும், கொடுத்தவரைப் பிடித்திருந்ததா என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. பிடிக்காதவரிடமும் வாங்கினார்கள். கடன் தீர்ந்தால் போதும் என்ற மனநிலை அது. அப்படிக் கிடைத்த நன்கொடை ஒரு முறை வரும். அதோடு அவர் உங்களைத் தவிர்க்க ஆரம்பிப்பார்.

சரி, இருநூறு லைக் ஏன் நான்கு நன்கொடையாகச் சுருங்கியது? இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. ஃபேஸ்புக்கில் சூடானின் டார்ஃபூர் பகுதி மக்களுக்காக நடந்த ஒரு பெரிய ஆதரவுப் பக்கத்தை ஆய்வாளர்கள் அலசி 2014இல் வெளியிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் 99 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. பத்தில் ஏழு பேர் இன்னொருவரைக்கூடச் சேர்த்துவிடவில்லை. மூன்று வருடங்களுக்குள் மொத்தமாகத் திரண்டது ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. அதே 2014இல் வந்த வேறொரு ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டியது: நாலு பேர் பார்க்க அடையாளமாக ஆதரவு காட்டியவர்கள், தனிமையில் அப்படிக் காட்டியவர்களைவிட, பிறகு உண்மையான உதவி கேட்டபோது குறைவாகவே முன்வந்தார்கள். நல்லவன் என்று காட்டிக்கொள்ளும் தேவை லைக்கோடு நிறைவடைந்துவிடுகிறது. லைக் போட்டவர்கள் போலியானவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் பக்கத்தில் அவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"அப்படியென்றால் ஐஸ் வாளிச் சவால் எப்படி ஜெயித்தது?" என்று கேட்கலாம். 2014 கோடையில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகத் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, அது. அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு அதன் மூலம் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது. அந்த அலை நகர்ந்த விதத்தைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த சிலரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பொதுவாக உலகத்தைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. அண்ணன் தம்பியை அழைத்தான், உடன் வேலை செய்கிறவர் இன்னொருவரை அழைத்தார். ஏற்கெனவே இருந்த ஆயிரமாயிரம் உறவுகளின் வழியாகத்தான் அது ஓடியது. அடுத்த ஆண்டு அதையே மறுபடி நடத்தினார்கள். முந்தைய தொகையில் ஒரு சிறு பகுதிதான் வந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு உறவு இருந்தது தங்களை அழைத்த நண்பரோடு. சங்கத்தோடு இல்லை.

ஆகவே உங்கள் மூவாயிரம் பேரைப் பற்றிய கவலையைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். மனிதன் ஒரே காலத்தில் பேணக்கூடிய உறவுகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990களில் முன்வைத்த 150 என்ற எண்ணிக்கை பலருக்கும் தெரியும். அந்த எண்ணைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் 2016இல் அவர் ஃபேஸ்புக் பயன்படுத்துகிறவர்களை வைத்துச் செய்த ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நண்பர் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், இக்கட்டில் போய் நிற்கக்கூடியவர்கள் என்று மக்கள் சொன்னது சராசரியாக நான்கு பேரை. நெருக்கமாக அனுதாபம் காட்டுவார்கள் என்று சொன்னது பதினான்கு பேர் அளவில். ஊடகம் அந்த வட்டங்களைப் பெரிதாக்கிவிடவில்லை.

முப்பது பேரைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கும் போய்க்கொண்டு குழுவையும் நடத்துகிற ஒருவரால் முப்பது, அதிகம் போனால் நாற்பது பேரைத்தான் உண்மையாகக் கவனிக்க முடியும் என்பது என் கணிப்பு. யார் அந்த முப்பது? பணம் படைத்தவர்களை முதலில் எழுதாதீர்கள். ஏற்கெனவே கொடுத்த அந்த நான்கு பேரிடமிருந்து பட்டியல் தொடங்கட்டும். அவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டிருக்கிறீர்களா? ஒருவருடைய வீட்டில் பார்வையற்ற பிள்ளை இருக்கலாம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். அடுத்து, உங்கள் பதிவை வெறுமனே பகிராமல் தன் சொந்த வார்த்தையில் இரண்டு வரி சேர்த்துப் பகிர்ந்தவர்கள். கேள்வி கேட்டவர்கள், குறிப்பாக "கணிதப் பாடத்தில் படம் வந்தால் எப்படி வாசிப்பீர்கள்?" என்பது மாதிரி வேலைக்குள் இறங்கிக் கேட்டவர்கள். குறை சொன்னவர்களையும் விடாதீர்கள், ஒலி தெளிவாக இல்லை என்று சொல்கிறவர் கடைசி வரை கேட்டிருக்கிறார். பிறகு இதே துறையில் வேறு இடங்களில் வேலை செய்கிறவர்கள், சிறப்பாசிரியர்கள், ஒலிப்பதிவு தெரிந்தவர்கள், உங்கள் பதிவுகளைப் பயன்படுத்துகிற மாணவர்களே. மாணவர்களை உதவி பெறுகிறவர்களாக மட்டும் நினைக்கிற பழக்கம் நிறையக் குழுக்களில் இருக்கிறது. உங்கள் வேலை பற்றி அவர்களைவிட நம்பகமாகப் பேசக்கூடியவர் யாரும் இல்லை.

இப்போது எப்படி என்ற கேள்வி. இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. எல்லோரும் "தொடர்ந்து பதிவு போடுங்கள், கண்ணில் பட்டுக்கொண்டே இருங்கள்" என்கிறார்கள். அவர்கள் உங்களைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் அந்த அறிவுரை முழுக்க இருக்கிறது. உறவு உண்டாவது நீங்கள் அவர்களைப் பார்ப்பதில். தினமும் பதிவு எழுதச் செலவிடும் நேரத்தில் பாதியை எடுத்து, அந்த முப்பது பேர் எழுதுவதைப் படிக்கச் செலவிடுங்கள். படிப்பது என்றால் விரலால் தள்ளிக்கொண்டே போவதைச் சொல்லவில்லை. ஒருவர் தன் அம்மாவின் கண் சிகிச்சை பற்றி எழுதியிருந்தால், மூன்று வாரம் கழித்து அது எப்படிப் போயிற்று என்று உங்களுக்கு நினைவு வர வேண்டும். எக்ஸில் (முன்பு ட்விட்டர்) தனிப்பட்ட பட்டியல் வைத்துக்கொள்ளலாம், ஃபேஸ்புக்கில் சிலரை விருப்பப் பட்டியலில் சேர்த்து அவர்கள் பதிவு முதலில் வரும்படி செய்யலாம். இதைச் செய்யாவிட்டால் யாரைக் காட்டுவது என்பதை அந்தத் தளத்தின் கணினிக் கணக்கீடு தீர்மானிக்கும். பரபரப்பாக எழுதாத நல்ல மனிதர்கள் அதில் காணாமல் போய்விடுவார்கள்.

கமெண்ட் எழுதும்போது அவர் எழுதியதிலிருந்து ஒன்றைத் தொட்டு எழுதுங்கள். "அருமை", "சிறப்பு", "வாழ்த்துகள் தோழர்" எல்லாம் தலையாட்டல். தப்பில்லை, ஆனால் எழுதியவர் யாரென்று யாருக்கும் நினைவிருக்காது. ஒருவர் தன் ஊர் நூலகம் மூடப்பட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். "வருத்தமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "அங்கே இருந்த பழைய பத்திரிகைத் தொகுப்புகள் எங்கே போயின, யாராவது எடுத்து வைத்தார்களா?" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து பதில் எழுதுவார். அந்தப் பதிலுக்கு மேல் இன்னொரு கேள்வி. 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் உரையாடல்களை ஆராய்ந்தபோது, மற்றவர் சொன்னதைத் தொடர்ந்து மேலும் கேட்கிற கேள்விகள்தான் கேட்பவரைப் பிடிக்கவைக்கின்றன என்று கண்டார்கள். அவர் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு அதுதானே அத்தாட்சி. இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: அவருடைய நூலகப் பேச்சை "எங்கள் குழுவும் புத்தகங்களைத்தான்..." என்று உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். அவரே கேட்டால் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் எல்லாம் எழுதித்தானே இருக்கிறது, ஆர்வம் வந்தால் தானே வந்து பார்ப்பார்.

செயலிகளைக் கொண்டு தானாகக் கமெண்ட் போடுவது, செயற்கை நுண்ணறிவிடம் பதில் எழுதி வாங்குவது இரண்டையும் தொடவே வேண்டாம். பதிவின் சாரத்தையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பாராட்டு வைக்கும் அந்த நடையை இப்போது எல்லோரும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். கண்டுகொண்ட நொடியில் அதுவரை நீங்கள் எழுதிய உண்மையான வரிகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

உங்கள் சொந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பதிவுகளின் கீழே வந்த கமெண்டுகளில் எத்தனைக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்? வீட்டுக்கு வந்து பேசுகிறவருக்குப் பதில் சொல்லாமல் தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, பல குழுக்கள் புதிய ஃபாலோயர்களைத் தேடுவது. பதிவில் என்ன எழுதுவது என்றால், நடக்கிற வேலையை நடக்கிறபடி எழுதுங்கள். வேதியியல் சமன்பாட்டை வாய்விட்டு வாசிப்பதில் உள்ள சிக்கல், ஒரு தன்னார்வலர் ஒரே அத்தியாயத்தை மூன்று தடவை பதிவு செய்ய வேண்டி வந்தது, பரீட்சைக்கு முன் ஒரு பாடம் முடியாமல் போனது. இப்படி எழுதினால் படிக்கிறவர் உள்ளே வந்துவிடுகிறார், எங்கே கை கொடுக்கலாம் என்று அவராகவே பார்க்கிறார். மாணவர்களின் முகத்தையும் பெயரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். பரிதாபம் வரவழைக்கும் படங்கள் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாதவை. பரிதாபப்படுகிறவர் ஒரு தடவை கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், படத்தில் இருப்பவருக்கோ அது காலத்துக்கும் நிற்கும். "லைக் போடுங்கள், மூன்று பேரை டேக் செய்யுங்கள்" என்று கெஞ்சும் பதிவுகளையும் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக் அப்படிப்பட்ட பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்துவிட்டது. மனிதர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

பொதுவெளியில் பழகுவது தனிப்பேச்சாக மாறும் இடம் ஒன்று உண்டு, அதை அவசரப்படுத்தக் கூடாது. அறிமுகமே இல்லாதவருக்கு நேராக இன்பாக்ஸில் எழுதினால், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அது வேண்டுகோள்கள் என்ற தனி அறைக்குள் போய் விழும், பலர் அதைத் திறப்பதே இல்லை. கமெண்டில் சில முறை பேசியபின், அவருக்கு மட்டுமே பயன்படும் ஒன்று கையில் இருக்கும்போது எழுதுங்கள். அவர் தேடிய ஒரு தகவல், அவர் மகள் விண்ணப்பிக்கக்கூடிய ஓர் உதவித்தொகை, அவர் பேச விரும்பக்கூடிய இன்னொரு மனிதர். இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அதில் உங்களுக்கு நேரடி லாபம் எதுவும் இல்லை, இருவருக்கும் அது தெரியும். துக்கம், நோய், வேலையிழப்பு மாதிரியான விஷயங்களில் நீளமாக எழுத வேண்டாம். இரண்டு வரி தனியாக எழுதி, பதில் எழுதத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நாள் என்றால், நாள்காட்டி வைத்துச் சொல்ல முடியாது. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல். கமெண்ட் எழுதியே அந்த மணிக்கணக்கு சேராது. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம், உங்களுக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதிக்கு நெருங்கிய நட்பு அவசியமே இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒருவர்தான் அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் பெற்றிருந்தார். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்கள், அபூர்வமாகப் பார்க்கிறவர்கள் வழியாகவே அது வந்தது. 2022இல் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவும் அதை ஒட்டியே வந்தது, ஓரளவு மெல்லிய தொடர்புகளே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின. நமக்குத் தெரியாத உலகம் அவர்களிடம் இருக்கிறது என்பதுதான் காரணம்.

ஆகவே உறவின் கனத்துக்கு ஏற்றபடி கேளுங்கள். கமெண்டில் நாலைந்து முறை பேசியவரிடம் அவருக்குத் தெரிந்ததைக் கேட்கலாம்: "இந்த மைக் எங்கள் அறைக்குச் சரிப்படுமா?" அது அவருக்கும் மகிழ்ச்சி தரும் கேள்வி. உங்கள் வேலையை விசாரிக்க ஆரம்பித்தவரிடம் ஒரு அறிமுகம் கேட்கலாம், ஒரு மணி நேரம் வாசித்துத் தர முடியுமா என்று கேட்கலாம். பணமும் பெயரும் கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும். பெயர் என்று சொல்வது, "இவர்களை எனக்குத் தெரியும், நம்பலாம்" என்று தன் வட்டத்தில் உங்களுக்காகச் சொல்வதை. பணத்தைவிடப் பெரிய உதவி அது. நீங்கள் பிசகினால் அவருடைய வாக்கு கெடும், அதனால் அதை இலேசாகக் கேட்கவே கூடாது. கனம் வந்துவிட்டதா என்பதற்கு அடையாளங்கள் உண்டு. நீங்கள் எழுதாத வாரத்தில் அவர் எழுதி விசாரிக்கிறார். உங்களிடம் அவரும் ஏதாவது கேட்கிறார். அவரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரிகிறது. இந்த மூன்றாவதை நான் அதிகம் நம்புவேன். இந்த மாதம் அவருக்குக் கைக்கு வாய்க்கு எட்டாத நிலை என்று தெரிந்திருப்பதும் உறவுதான், கேட்காமல் இருப்பதும் அதன் ஒரு பகுதிதான்.

வருடக்கணக்காகப் பேசாத பழைய தோழர்கள் விஷயம் தனி. திடீரென்று எழுதினால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குகிறோம். 2022இல் பெக்கி லியூவும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படி எதிர்பாராமல் வரும் விசாரிப்பை மக்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதை எழுதுகிறவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். எழுதுங்கள். ஆனால் "எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைகள் நலமா?" என்று ஆரம்பித்து, அவர் சந்தோஷமாகப் பதில் எழுதியதும் நன்கொடை இணைப்பை அனுப்பாதீர்கள். அந்த ஏமாற்றம் கசப்பானது. உடனே உதவி தேவையென்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐந்து வருடம் கழித்து ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன்." நேர்மையாக வந்து நிற்பவரை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. அவசரக் காலங்களுக்கும் இதே பதில்தான், உறவு வளரட்டும் என்று காத்திருக்க நேரமில்லாதபோது நேராகக் கேட்டுவிட வேண்டும்.

கேட்கிற விதத்துக்கு வருவோம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, முடிந்தால் குரலில் கேளுங்கள். 2017இல் வெளியான ஒரு சோதனையில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறு கருத்துக்கணிப்பை நிரப்பித் தரும்படி நேரில் கேட்டது மின்னஞ்சலில் கேட்டதைவிட 34 மடங்கு பலன் தந்தது. மின்னஞ்சல் அனுப்பியவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள். 2008இல் வந்த ஃபிளின், லேக் இருவரின் ஆய்வும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது: இத்தனை பேரிடம் கேட்டால்தான் காரியம் ஆகும் என்று மக்கள் நினைத்த எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதியிலேயே காரியம் ஆகிவிட்டது. இந்த இரண்டு முடிவுகளும் தைரியம் கொடுக்கின்றன, கூடவே பொறுப்பையும் கொடுக்கின்றன. எதிரே நிற்பவரிடம் மறுப்பது கஷ்டம் என்பதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். அதனால் மறுக்கும் வழியை நீங்களே திறந்து வைக்க வேண்டும்.

இப்படி எழுதலாம்: "போன மாதம் வேதியியல் ஒலிப்பதிவு பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அந்த வேலை பாதியில் நிற்கிறது. இரண்டு ரெக்கார்டர் வேண்டும். ஒன்றுக்கான தொகை சேர்ந்துவிட்டது. இரண்டாவதில் பாதியை நீங்கள் ஏற்க முடியுமா? பள்ளியில் நீங்கள் அந்தப் பாடம் நடத்தியவர் என்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது. 20ஆம் தேதிக்குள் தெரிந்தால் போதும். இப்போது இயலாது என்றால் ஒரு வரி சொல்லிவிடுங்கள், நம் பேச்சில் எந்த மாற்றமும் இருக்காது." இதில் எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள், ஏன் அவரிடம் என்பதெல்லாம் இருக்கிறது. கடைசி வரியை எழுதினால் மட்டும் போதாது, அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். ஒரே செய்தியை நூறு பேருக்குத் தட்டிவிட்டால் இது எதுவும் நடக்காது. வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலேகூட, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுப் பதிவில் கேட்கவே கூடாதா? கேட்கலாம், தனியாகக் கேட்டவர்களில் சிலர் சரி என்ற பிறகு. பாடகி அமாண்டா பாமர் 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் தன் இசைத்தொகுப்புக்காக ஒரு லட்சம் டாலர் கேட்டார், கிட்டத்தட்ட 12 லட்சம் வந்தது. அதை ஒரு பிரசார அதிசயமாகப் பேசினார்கள். கொடுத்தவர்கள் சுமார் 25,000 பேர். நிகழ்ச்சி முடிந்தபின் மணிக்கணக்கில் நின்று ரசிகர்களோடு பேசியது, பயணங்களில் அவர்கள் வீட்டிலேயே தங்கியது, இணையத்தில் அவர்களோடு ஓயாமல் பேசியது என்று பல வருடங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு தன் நிகழ்ச்சிகளில் ஊதியமில்லாமல் வந்து வாசிக்கும்படி உள்ளூர் இசைக்கலைஞர்களை அழைத்தபோது கடுமையான விமர்சனம் எழுந்தது. இவ்வளவு பணம் வந்த பிறகுமா என்று கேட்டார்கள். பிறகு அவர்களுக்குப் பணம் கொடுப்பதாக அறிவித்தார். மக்கள் கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், நெருக்கமானவர்கள் கூடுதலாகவே பார்க்கிறார்கள்.

எனவே கிடைத்த பிறகு நடப்பதில் கேட்பதற்கு முன்பிருந்ததைவிட அதிகக் கவனம் வேண்டும். ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்று யாரும் உங்களைப் பற்றி நினைத்துவிடக் கூடாது. பணம் வந்த அன்றே நன்றி எழுதுங்கள், அதில் இன்னொரு வேண்டுகோளைச் சொருகாதீர்கள். பெயரைப் பொதுவில் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள். கருவி வந்ததும் ரசீதைக் காட்டுங்கள், அதில் பதிவான முதல் பாடத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். பிறகு சில மாதம் எதுவுமே கேட்காமல் வழக்கம்போல் பழகுங்கள், அவர்கள் எழுதுவதைப் படியுங்கள்.

முடியாது என்றவர்களிடமும் அப்படித்தான். அந்த வாரத்திலேயே அவர் பதிவில் பழையபடி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள், அவருடைய சங்கடம் போய்விடும். பதிலே சொல்லாமல் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். படித்துவிட்டுப் பதில் எழுதாததற்குக் கோபிக்கவும் வேண்டாம், பலருக்கு "இல்லை" என்று எழுத விரல் வராது. தேதி கடந்ததும் நீங்களே எழுதிவிடுங்கள்: "அந்த ரெக்கார்டர் ஏற்பாடாகிவிட்டது, அதைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். அம்மாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது?"